விளக்குமாற்றுக்குப் பத்து நாள் லீவு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முருகன்மீது சத்தியம், மாரியம்மன்மீது சத்தியம். இந்த இரண்டு பேரையும் நம்பாதவர்களுக்காக, சிங்களவர் கும்பிடுகிற சமன் தெய்யோமீதும் ஒரு சத்தியம். கூட்டிச் சொல்கிற பழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. குறைத்துச் சொன்ன இடங்கள் இரண்டு மூன்று உண்டு. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களை நினைத்துச் செய்தது அது.

அரநாயக்கவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது பாலாத்துத் தோட்டம். ரப்பர் தோட்டம். தொண்ணூற்றெட்டாம் வருஷம் புதிதாக மரம் வைப்பதற்காகக் கம்பனிக்காரர்கள் கீழ்நாட்டிலிருந்து லொறி லொறியாக நாற்று இறக்கினார்கள். கறுப்புப் பையில் மண், மண்ணில் நாற்று, நாற்றின் வேரடியில் ராணியும் பரிவாரமுமாக நெருப்பெறும்பு. நாற்றில் பாதி பட்டுப்போனது. எறும்பில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடியிருக்கத் தகுந்த இடம் என்று அவை பொறுக்கி எடுத்தது ஜெயம்மாவின் பிள்ளைக்காம்பிராவை. பெண்கள் ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. பதினொரு வருஷமாக ஜெயம்மாதான் அங்கே ஆயா. இருபத்து மூன்று பிள்ளைகள், இருபத்து மூன்று சேலைத் தொட்டில், ஒரு விளக்குமாறு. அவள் கழுவிய தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்று தொழிலாளர் லயத்தில் சொல்வார்கள். யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஜெயம்மா விடமாட்டாள், தரை அழுக்காகிவிடும்.

அப்படிப்பட்டவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். காலையில் பால்மாத் தகரப் பேணியைத் திறந்தால் மா நகர்ந்தது. கரண்டியை விட்டால் கரண்டியும் நகர்ந்தது. மூக்கொழுகித் தூங்குகிற பிள்ளையின் மேலுதட்டில், கிணற்றடியில் பெண்கள் நிற்பதைப்போல வரிசை போட்டு நின்றன. ஆறிக்கொண்டிருந்த புண்ணின் பொருக்கைச் சுற்றி நின்று, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தன. ஈரத் துணியை எடுத்து உதறினால், அரிசிக் குறுணைபோல வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. குறுணை என்று நினைத்து அள்ளினாள் ஜெயம்மா. உள்ளங்கையில் அது நெளிந்தது. எறும்பின் குஞ்சுகள். அன்றைக்குப் பகல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் ஒவ்வொரு பருக்கையாகத் தள்ளித் தள்ளி, நெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடித்த இடத்தில் மறுநாள் காலை வெள்ளைத் தலையோடு ஒரு சீழ்க்கொப்புளம். ஒரு பிள்ளையின் காலில் முப்பத்தொன்பது இருந்தன. எண்ணியது ஜெயம்மா. எண்ணிவிட்டுப் பின்புறம் போய் ஓங்கரித்தாள்.

தோட்டத்து மானேஜர் துரை ஒரு திங்கட்கிழமை ஜீப்பை விட்டு இறங்காமலேயே விஷயத்தைச் சொன்னார்.

"ஜெயம்மா, அடுத்த கிழமை வியாழன் கொழும்பு நோனா வாறது. கம்பனி நோனா, பெரிய அம்மா, காம்பிரா செக் பண்ணுறது. ஒரு எறும்பு கண்டா, ஒண்ணே ஒண்ணு, காம்பிரா மூடுறது. நீ கத்தி எடுத்து மலைக்கு பால் வெட்ட போறது."

"புள்ளைங்கள எங்கங்க தொர வுடுறது?"

"மரத்துல தொட்டில் கட்டுறது. முந்தி அப்படி தானே."

"அந்த மரத்தடியிலதாங்க இந்தச் சனியனே நெறஞ்சு கெடக்கு."

துரை கிளச்சைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தத் திங்கள்வரைக்கும் ஜெயம்மா சும்மா இருக்கவில்லை. மூன்று அண்டா கொதிநீரைப் பொந்தில் ஊற்றியிருந்தாள். ஒரு பொந்து ஏழு பொந்தானது. ஜீப்பின் கழிவு எண்ணெயை ஊற்றினாள். அதில் சறுக்கி விளையாடின. மாவனல்லையிலிருந்து எறும்பு கொல்லும் சோக்குக்கட்டி வாங்கிவந்து அறையைச் சுற்றிக் கோடு கிழித்தாள். மூன்றாம் நாள் காலையில் கோடு அப்படியேதான் இருந்தது, ஆனால் வேறு இடத்தில். எறும்பெல்லாம் கோட்டுக்கு உள்ளே. ஜெயம்மாவும் அவள் பாயும் கோட்டுக்கு வெளியே.

கடைசியில், துரை சொல்லிப்போன அன்றைக்கே, அவள் போய் நின்றது டிஸ்பென்சரி வாசலில். டிஸ்பென்சர் பரராசசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு அவர்தான் டாக்டரையா. நோயாளியைத் தொடுமுன் கை கழுவுவார், தொட்டபின் கழுவுவார், பத்திரிகையில் நோயைப் பற்றி ஏதாவது படித்தாலும் எழுந்துபோய்க் கழுவுவார்.

"சுடுதண்ணி ஊத்தினியளோ?"

"மூணு அண்டா ஊத்துனேங்க."

"அதுதான் பிழை. வெளியில திரியிறது வேலைக்காரர். ராணி ஆழத்தில இருக்கிறா. மேல நீங்கள் கரைச்சல் குடுத்தா, அவ பிள்ளை குட்டியளோட வேற வீடு பாப்பா."

"அப்ப என்னதாங்க செய்யுறது?"

"சாப்பாடு குடுக்கவேணும்."

"யாருக்குங்க?"

"எறும்புக்கு."

ஜெயம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். படித்த மனிதர், தனியாக இருக்கிறார், சாப்பாடும் சரியில்லை, அதுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டாள். டாக்டரையா கை கழுவிவிட்டு வந்து விளக்கினார். கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா மா, அதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நூறு பங்குக்கு ஒரு பங்கு போரிக் பவுடர்.

"கூடப் போட்டிட்டியளெண்டா வாசலிலேயே செத்துப்போகும். சாகப்படாது. நல்ல சுகமாப் போய் ராணிக்கு ஊட்டவேணும். பத்து நாள் எடுக்கும். பிள்ளையளை முன் அறையில விட்டுக் கதவைச் சாத்துங்கோ. மா பின் அறையில. வடிவாக் கேளுங்கோ, பத்து நாளும் பின் அறையைக் கூட்டப்படாது. ஒரு பொட்டு மாவையும் எடுக்கப்படாது."

"கூட்டாமயாங்க?"

"கூட்டாமல்."

"ஐயா, கொதிக்கிற எண்ணெயில கைய வுடச் சொல்லுங்க, வுடுறேன்."

"அது தேவையில்லை. விளக்குமாறைத் தொடாமல் இருந்தால் காணும்."

போரிக் பவுடர் டிஸ்பென்சரியில் முடிந்து நாளாகியிருந்தது. தோட்டத்தில் அது இருந்த ஒரே இடம் லயத்துக் கிளப். கேரம் போர்டில் தூவுவதற்காக ஒரு பேணி நிறைய வைத்திருந்தான் சுதாகரன். ஓப்பநாயக்க வரைக்கும் போய்க் கேரமில் ஜெயித்து வந்தவன் அவன்.

"தீவாளிக்கு டோனமெண்டு இருக்கு ஆயாம்மா. பவுடர் இல்லாட்டி காய் நவுறாது."

"அங்க எறும்பு நவுந்துகிட்டே இருக்குடா. ஒன் அக்கா மவன் கால வந்து பாரு."

"அதுக்கு எறும்புக்குப் பவுடர் போடணுமா? பொட்டு வெச்சி பூவும் வச்சி வுடுவீங்களோ?"

"ஒன் வாயில போட்டா இன்னும் புண்ணியம். குடுடா."

தேக்கரண்டியால் நகைக்கடைக்காரனைப்போல அளந்து கொடுத்தான்.

அன்று பின்னேரமே விருந்து தொடங்கியது. பின் அறைச் சுவரோரம் நெடுக, சிட்டிகை சிட்டிகையாக மாவை வைத்தாள் ஜெயம்மா. சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். முதலில் ஒன்று வந்தது. மோந்து பார்த்தது. திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் சுவர்க்கால் சிவந்து ஊறியது. மாவின்மேல் மொய்த்துக் கட்டியாகத் திரண்டு, கட்டி கொதித்தது. உற்றுக் கேட்டால் நெறுநெறுவென்று சத்தம் வந்தது. மனிதர் சாப்பிடுகிற சத்தத்தையே சகிக்காதவள் அவள். இதைக் கேட்டுக்கொண்டு, ஆணியில் தொங்குகிற விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மாவை அள்ளி வந்து போடவேண்டியது நாளுக்கு இரண்டு தரம். மூன்றாம் நாளே எறும்புகள் நேரம் பழகிவிட்டன. ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்குச் சங்கு ஊதினதும் பின் அறையில் வரிசையாக வந்து நிற்கும். வரிசையில் இடித்துத் தள்ளுவது கிடையாது. அந்த விஷயத்தில் ஆட்களைவிட மேல். மா வரத் தாமதமானால் ஒன்று மட்டும் நடந்து வந்து, ஜெயம்மாவின் கட்டைவிரலில் ஒரு கடி கடித்து, ஞாபகப்படுத்திவிட்டுப் போகும். வியாழக்கிழமை எண்ணெய் போட மறந்துவிட்டாள். மாவை ஒன்றும் தொடவில்லை. உருட்டிக்கொண்டு வந்து அவள் பாய்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தன.

"என்னா திமிருங்க ஐயா அதுகளுக்கு," என்றாள் டாக்டரையாவிடம்.

"பொறுங்கோ. ராணிக்குப் போய்ச் சேருது."

பொறுத்தாள். தரையில் எச்சில் மா, எண்ணெய்ப் பிசுக்கு, செத்ததும் சாகாததுமாக எறும்பு, அதுகள் கழித்துப் போட்ட கால், தலை, இறக்கை. மூலையில் ஒரு கரப்பான்பூச்சியைச் சோதனை போட்டு மேலோட்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. அறைக்கு ஒரு வாடை வந்துவிட்டது, புளித்த பாலும் பழைய எண்ணெயும் சேர்ந்த மாதிரி. அது தன் புடவையில் வருகிறதோ என்று வழியில் நின்று நின்று மோந்து பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை.

பின் அறையில்தான் சாமிப் படம். வெள்ளிக்கிழமை பொழுது சாய விளக்கு வைக்கவேண்டும். கூட்டாத தரையில் விளக்கு வைக்கிற வழக்கம் பாலாத்துத் தோட்டத்தில் எவளுக்கும் கிடையாது. செவ்வாய்க்கிழமை முன் அறை வாசலில் வைத்து ஒருவாறு சமாளித்திருந்தாள். இன்றைக்கு நெய்யை எடுக்க உள்ளே போனவள், தற்செயலாகப் படத்தைப் பார்த்தாள். மகாலட்சுமியின் கையிலிருந்து காசு கொட்டுகிற படம். காசு கொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எறும்புகள் கண்ணாடிக்கு உள்ளே புகுந்திருந்தன. பசைக்காகக் கடதாசியைத் தின்று, அம்மன் முகத்தில் ஓட்டை போட்டு, ஓட்டை வழியாக வாய்க்குள் போய்க் கண் வழியாக வந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ஜெயம்மாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது கையில் விளக்குமாறு இருந்தது, தரை கண்ணாடியாக மின்னியது, பக்கத்தில் ஒரு வாளி நிறையக் குப்பை. மா, எண்ணெய், எறும்பு, குஞ்சு எல்லாம் அதில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. பங்களாவில் துரைக்குச் சமைக்கிற பியசேன அப்பு. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைக்காம்பிரா மிச்சத்தைப் பங்களாக் கோழிகளுக்கு வாங்கிப் போகிறவன்.

"ஜெயம்மா, கோழிச் சாப்பாடு எங்க?"

பதறிய நிலையில் அவள் வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவன் பங்களாவுக்கு ஏறும் நூற்றுப் பன்னிரண்டு படியிலும் வாளியை ஆட்டி ஆட்டிக் கொண்டுபோனான். படிக்கு ஒரு சிட்டிகை சிந்தியது.

மறுநாள் டாக்டரையா பின் அறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார். பிறகு ஜெயம்மாவைப் பார்த்தார்.

"கூட்டினியளோ?"

"விளக்கு வைக்கணுமேங்க."

"அரைவாசி மருந்துதான் உள்ளுக்குப் போயிருக்கு. ராணி உயிரோட இருக்கிறா. இனித் திரும்ப முதலில இருந்து பத்து நாள். வியாழனுக்கு ஆறு நாளும் இல்லை." பேசி முடித்துக் கை கழுவப் போய்விட்டார்.

ஜெயம்மா அன்றைக்குத் தன் பழைய பால் வெட்டுக் கத்தியைத் தேடி எடுத்தாள். பதினொரு வருஷத்துத் துரு. படியில் உட்கார்ந்து தீட்டினாள். ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறியது. காலெல்லாம் கொப்புளம். நாளைக்கு இதை எந்த மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்களோ என்று நினைத்தாள். துரு போகவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது நடந்தது. பட்டப்பகல், இருபத்து மூன்று பிள்ளைகளும் சாட்சி. பின் அறையில் மாவுக்கு வரிசை போட்டு நின்ற எறும்புகள் ஜெயம்மா பிறகு மா வைக்காததால் சனியும் ஞாயிறும் காத்திருந்து பார்த்துவிட்டு, படியில் சிந்திய மாவின் வாசனையைப் பிடித்துக் கிளம்பின. முதலில் நூல் மாதிரி, பிறகு கயிறு மாதிரி, கடைசியில் ஆண்பிள்ளையின் முழங்கை மொத்தத்துக்கு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைக் குஞ்சு. ஏழு பொந்திலிருந்தும் ஏழு வரிசை வந்து, படியடியில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து ஏறின. நடுவில் ராணி. அதை இருபது பேர் சுமந்தார்கள், வெயில் படாமல் ரப்பர் இலையை இன்னும் நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். புடைத்துப் பளபளக்கிற வயிறு, உள்ளே முட்டை உருளுவது வெளியே தெரிகிறது. நாற்பதாம் படியில் வரிசையை நிறுத்திவைத்து ஐந்தாறு முட்டை போட்டுவிட்டுத்தான் மேலே போனது. ஜெயம்மா மூன்று தரம் காறித் துப்பினாள். கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை.

புதன்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பிராவில் ஒரு எறும்பு இல்லை. நல்ல எறும்புகூட இல்லை.

வியாழக்கிழமை கொழும்பு நோனா வந்தார். முதலில் பங்களாவில் பகல் சாப்பாடு. அங்கே நடந்தது எல்லாம் பிறகு பியசேன அப்பு படிக்கு ஒரு பாகமாக அழுதுகொண்டே வந்து சொன்னது. கோழிகள் ஏற்கெனவே கூரைமேல் ஏறிவிட்டிருந்தன, இறங்க மறுத்தன. நோனா மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வேறு நாற்காலியில் உட்கார்ந்தார், அதிலிருந்தும் எழுந்தார். கடைசிவரை நின்றுகொண்டே சாப்பிட்டார். சாப்பாடு முடிய, முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. மேலே மொரமொரவென்று சிவப்பாக ஏதோ தூவியிருந்தது. எள்ளைச் சீனியில் வறுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நல்ல பெரிய கரண்டியாக அள்ளி வாயில் வைத்துவிட்டார். எள்ளு நாக்கைப் பிடித்துக்கொண்டது.

பிள்ளைக்காம்பிராவுக்கு இறங்கி வரும்போது நோனாவின் நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டேதான் அறைகளைப் பார்வையிட்டார். அதன் நுனியில் வெள்ளைத் தலையோடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்ததை ஜெயம்மா பார்த்தாள், பார்க்காதமாதிரி சுவரைப் பார்த்தாள். பிள்ளைகள் இது நல்ல விளையாட்டு என்று எல்லாரும் நாக்கை நீட்டின. நோனா தரையைத் தடவிப் பார்த்தார், பால்மாப் பேணியைத் திறந்து பார்த்தார், தொட்டில்களை உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பேச முடியாததால் ரிப்போட்டில் "நல்லம்" என்று மட்டும் எழுதிவிட்டு, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு காரில் ஏறினார்.

துரை போகவில்லை. வாசலில் நின்று தன் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவர் தூங்கவில்லை என்பதைக் கண் சொன்னது. காதோரம் கொப்புளம், இமையில் கொப்புளம். மற்ற இடங்களைச் சொல்வதற்கில்லை.

"ஜெயம்மா."

"சொல்லுங்க தொர."

"இங்க எறும்பு இல்ல தானே."

"இல்லீங்க."

"சுத்தமா இல்ல?"

"நீங்களே பாத்தீங்களேங்க."

துரை உள்ளே பார்த்தார். வெள்ளைவெளேரென்று துவைத்துக் கட்டிய சேலைத் தொட்டில்கள் காற்றில் இலேசாக ஆடின.

"ஒரு மணித்தியாலம்," என்றார். "யாருக்கும் சொல்லுறது இல்ல."

ஜெயம்மா இரண்டு சேலையைச் சேர்த்து முறுக்கி உத்தரத்தில் கட்டிக்கொடுத்தாள். துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். ஆறடி உடம்பு, முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தது. கொஞ்ச நேரம் சொறிந்தார். பிறகு முனகினார். ஜெயம்மாவுக்குப் பதினொரு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்த் தொட்டிலை ஆட்டியது.

"தொர."

"ம்."

"காம்பிரா மூடுறதுங்களா?"

"மூடுறது இல்ல." கண் திறக்கவில்லை. "நாளைக்கும் வாறது நான்."

"டாக்டரையா ஒரு மருந்து சொன்னாருங்க. பத்து நாளைக்கு பங்களாவக் கூட்டக் கூடாது. அப்புகிட்ட சொல்லி வைங்க."

அவர் தூங்கியே போயிருந்தார். துரையின் வாயோரம் எச்சில் வழிந்து சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் துவைத்த சேலை. ஜெயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிடித்த கையை விடாமல் ஆட்டினாள். பக்கத்துத் தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. மற்றக் கையால் அதையும் ஆட்டினாள்.

முதலில் செய்த மூன்று சத்தியத்துக்கும் ஒரே ஒரு திருத்தம்: பாலாத்துத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பிரா இன்னும் கட்டப்படவில்லை.